செத்துப்போன செல்களை எண்ணிய பெண்

உயிரியல் படிக்கும் நண்பர்களுக்கு என்.ஜி.எஃப். என்ற பெயர் தெரிந்திருக்கும். நரம்பு வளர்ச்சிக் காரணி. கண்டுபிடித்தவர் ரீத்தா லெவி-மொன்டால்சினி, நோபல் பரிசு 1986. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு படுக்கையறை, கூடை கூடையாகக் கோழிமுட்டை, இரண்டு சர்வாதிகாரிகள், கொஞ்சம் பாம்பு விஷம், பரிசுப் பட்டியலில் விட்டுப்போன ஒரு பேராசிரியர் என்று பெரிய கதையே இருக்கிறது. அந்தக் கதை இன்னும் முடியவும் இல்லை. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து தேடும் இடத்தில் இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அறிவியல் படிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம். கலைச்சொற்களை முடிந்தவரை குறைத்திருக்கிறேன்.

ஹிட்லர் துரத்தியவர்

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. விக்டர் ஹாம்பர்கர் 1900-ல் பிறந்தவர். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நாம் தின்கிற பர்கருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) புகழ்பெற்ற கருவியல் அறிஞர் ஹான்ஸ் ஸ்பேமானின் மாணவர். 1932-ல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் சிகாகோ போனார். ஒரு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். 1933-ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த வேலை போய்விட்டது. அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். பிறகு செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

சிகாகோவில் அவர் செய்த ஒரு சோதனை 1934-ல் கட்டுரையாக வந்தது. சில நாட்களே ஆன கோழிக்கருவில் ஒரு பக்கத்து இறக்கை முளையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். கரு தொடர்ந்து வளர்ந்தது. பிறகு அதன் தண்டுவடத்தை எடுத்துப் பார்த்தால், இல்லாத இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் அந்தப் பக்கத்தில் மிகக் குறைவாக இருந்தன.

ஏன்? ஹாம்பர்கர் சொன்ன விளக்கம் இது: இறக்கையிலிருந்து தண்டுவடத்துக்கு ஏதோ ஒரு செய்தி போகிறது. "எனக்கு இத்தனை நரம்பு வேண்டும், செல்களைத் தயார் செய்" என்கிற மாதிரி. இறக்கை இல்லாவிட்டால் ஆர்டர் போகாது, அதனால் செல்கள் உருவாகவில்லை. கேட்க மிகவும் நியாயமாகத்தான் இருக்கிறது.

முசோலினி துரத்தியவர்

ரீத்தா 1909-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொறியாளர். பெண்கள் பெரிய படிப்புப் படித்தால் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று நினைத்தவர். அவரைச் சம்மதிக்க வைத்து, விட்ட பாடங்களையெல்லாம் படித்து முடித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ரீத்தா. அங்கே ஜுசெப்பே லெவி என்ற பேராசிரியர். (உறவினர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.) இந்த லெவியின் மாணவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் நோபல் வாங்கினார்கள்: சால்வடோர் லூரியா, ரெனாட்டோ டுல்பெக்கோ, நம் ரீத்தா. நினைத்துப் பாருங்கள், ஒரே ஆசிரியர்!

1936-ல் பட்டம் வாங்கினார். 1938-ல் முசோலினி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தார். யூதர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கக் கூடாது. சில காலம் பிரஸ்ஸல்ஸில் ஆய்வு செய்தார். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழையப் போகும் நேரத்தில் டூரினுக்கே திரும்பினார். இனி என்ன செய்வது?

தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். ஒரு நுண்ணோக்கி, முட்டைகளைச் சூடாக வைக்க ஒரு சின்ன அடைகாப்புப் பெட்டி, தீட்டிக் கூராக்கிய தையல் ஊசிகள், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன சாமணம், கண் மருத்துவர் பயன்படுத்தும் கத்தரி. அவ்வளவுதான் உபகரணம். கொஞ்ச நாளில், வேலை பறிபோன பேராசிரியர் லெவியே அங்கு வந்து சேர்ந்துகொண்டார். மாணவியின் படுக்கையறையில் குருநாதர் உதவியாளர்.

1940 கோடையில் ஒரு ரயில் பயணத்தில் அவர் ஹாம்பர்கரின் 1934 கட்டுரையைப் படித்தார். அதே சோதனையைத் தானும் செய்து பார்க்க முடிவு செய்தார். கோழிமுட்டை எல்லா இடத்திலும் கிடைக்கும், அரசாங்க அனுமதி வேண்டாம். குண்டுவீச்சு தாங்காமல் குடும்பம் நகரத்தை விட்டு மலைப்பக்கக் கிராமத்து வீட்டுக்குப் போனபோது ஆய்வுக்கூடமும் கூடவே போனது. பண்ணை பண்ணையாகப் போய், "என் குழந்தைகளுக்கு வேண்டும், சேவல் சேர்ந்த முட்டைதான் சத்து" என்று சொல்லி முட்டை வாங்குவாராம். (அவருக்குக் குழந்தைகள் கிடையாது. கடைசிவரை திருமணமே செய்துகொள்ளவில்லை.) கருவை எடுத்த பிறகு மிச்சமிருந்தது சமையலறைக்குப் போனது. போர்க்காலம் ஆயிற்றே!

ஒரே சோதனை, இரண்டு கேள்வி

இந்தப் பதிவின் மையமே இந்த இடம்தான்.

ரீத்தா செய்த மாற்றம் ஒன்றுதான். ஹாம்பர்கர் பெரும்பாலும் முடிவைப் பார்த்தார்: சோதனை முடிந்த பிறகு எத்தனை செல் மிச்சம்? ரீத்தா நடுவில் நடப்பதைப் பார்த்தார். வெவ்வேறு வயதில் கருக்களை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளிச் சாயமேற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் நரம்பு செல்களை எண்ணினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அப்போது தெரிந்தது இது. இறக்கையை வெட்டிய பிறகும் நரம்பு செல்கள் உருவாகத்தான் செய்தன. இல்லாத இறக்கையை நோக்கி இழைகளை நீட்டவும் செய்தன. அதன் பிறகு வரிசையாகச் செத்தன.

ஹாம்பர்கர் கேட்ட கேள்வி, "இந்த செல்கள் ஏன் உருவாகவில்லை?" ரீத்தா கேட்டது, "உருவான செல்கள் ஏன் செத்தன?" முதல் கேள்விப்படி பார்த்தால் இறக்கை அனுப்புவது உற்பத்தி உத்தரவு. இரண்டாவது கேள்விப்படி அது சோறு. சோறு வராததால் செல்கள் செத்தன.

யூதர் எழுதிய கட்டுரையை இத்தாலிய இதழ்கள் வெளியிடாது. 1942-ல் பெல்ஜியத்து இதழ் ஒன்றில் லெவியோடு சேர்ந்து வெளியிட்டார். 1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை இத்தாலிக்குள் வந்தது. குடும்பம் ஃப்ளோரன்ஸுக்குத் தப்பியோடி, பொய்ப் பெயரில் மறைந்து வாழ்ந்தது. 1944 ஆகஸ்டில் நகரம் விடுபட்ட பிறகு ரீத்தா அகதி முகாமில் மருத்துவராக வேலை பார்த்தார். டைபஸ் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மக்கள் செத்த காலம் அது.

போர் முடிந்தது. பெல்ஜியத்து இதழில் வந்த கட்டுரை அமெரிக்காவில் ஹாம்பர்கர் கையில் கிடைத்தது. தன் விளக்கத்தை மறுத்து எழுதியிருக்கும் ஒருவரை என்ன செய்வார்கள்? ஹாம்பர்கர் கடிதம் எழுதி, "வாருங்கள், சேர்ந்து பார்த்துவிடுவோம்" என்று அழைத்தார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இங்கேதான். 1947-ல் சில மாதத்துக்கு என்று செயின்ட் லூயிஸ் போன ரீத்தா, சுமார் முப்பது வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

இருவரும் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ரீத்தா சொன்னதுதான் சரி. 1949-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது: யாரும் கை வைக்காத, முழு ஆரோக்கியமான கருவிலும் நரம்பு செல்கள் கூட்டமாகச் சாகின்றன. தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குப் போகும் நரம்பு செல்களில் ஏறக்குறைய பாதி, வளர்ச்சியின்போதே செத்துப்போகின்றன என்று பிற்காலத்தில் எண்ணிச் சொன்னார்கள்.

நரம்பு மண்டலம் உருவாவதை வீடு கட்டுவது மாதிரி நாம் நினைத்திருப்போம், தேவையான செங்கல்லை எண்ணி அடுக்குவது போல. நடப்பது வேறு. விவசாயத்தில் பயிர் கலைத்தல் என்பார்களே, விதையை நெருக்கமாகத் தூவி, முளைத்ததும் அதிகப்படியானதைப் பிடுங்கிவிடுவது, அதுதான் நடக்கிறது. எந்தச் செல் சரியான இடத்தைத் தொட்டதோ அதற்கு உணவு. மற்றவை காலி.

எலி, பாம்பு, மறுபடி எலி

அந்த உணவு என்ன பொருள்? ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பியூக்கர், எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக்கருவில் ஒட்டவைத்துப் பார்த்திருந்தார். நரம்பிழைகள் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. 1948-ல் வந்த செய்தி இது. ரீத்தா அதைத் திரும்பச் செய்தபோது நரம்புகள் வெறிபிடித்தது போல வளர்ந்தன. ரத்தக் குழாய்க்குள் கூட நுழைந்தன. கட்டி கருவை நேரடியாகத் தொடாமல், முட்டையின் சவ்வில் ஒட்டியிருந்தாலும் இதே விளைவு. அப்படியானால் கட்டியிலிருந்து ஏதோ கரைந்து ரத்தம் வழியாகப் போகிறது.

இதை நிரூபிக்க, கட்டியுள்ள இரண்டு எலிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு 1952-ல் விமானத்தில் ரியோ டி ஜெனீரோ போனார். அங்கே திசு வளர்ப்பில் கைதேர்ந்த ஹெர்தா மேயர் இருந்தார். இவரும் டூரினில் லெவியிடம் வேலை பார்த்து, பிறகு பிரேசிலுக்குப் போனவர். கண்ணாடித் தட்டில் ஒரு நரம்பு முடிச்சு, பக்கத்தில் கட்டித் துண்டு. முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி இழைகள் கிளம்பின. இனி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் விடை தெரிந்துவிடும்.

1953-ல் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் செயின்ட் லூயிஸில் சேர்ந்தார். புரூக்ளினில் ஒரு தையற்காரரின் மகன். பொருளைப் பிரித்தெடுப்பது அவர் பொறுப்பு. அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று குழப்பம் வந்தது. நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு விஷத்தில் உண்டு, அதைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. சேர்த்தார்கள். இழைகள் குறைவதற்குப் பதிலாக, முன்னைவிடப் பல மடங்கு அதிகமாக வளர்ந்தன! விஷத்திலேயே அந்தப் பொருள் நிறைய இருந்திருக்கிறது.

கோஹன் யோசித்தார். பாம்பின் விஷச் சுரப்பி என்பது என்ன? மாறிப்போன உமிழ்நீர்ச் சுரப்பிதானே. ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அள்ள அள்ளக் கிடைத்தது.

கடைசிச் சோதனை 1959-ல். என்.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. இறக்கையை வெட்டவில்லை, எதையும் அறுக்கவில்லை. ஒரே ஒரு புரதத்தைத் தடுத்ததற்கு இந்த விளைவு.

அதே வருடம் கோஹனும் கிளம்ப வேண்டியதாயிற்று. விலங்கியல் துறையில் ஒரு வேதியியலாளருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் போட்ட எலிக்குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கண் திறந்ததை அவர் விட்டுவிடவில்லை. அதிலிருந்து பிடித்ததுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. அதன் ஏற்பியைக் குறிவைக்கும் புற்றுநோய் மருந்துகள் இன்று பல உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது?

சுருக்கமாக: தோல், தசை போன்ற இலக்குத் திசு மிகக் கொஞ்சமாக என்.ஜி.எஃப். சுரக்கிறது. நரம்பின் நுனியில் அதற்கென்று ஏற்பி இருக்கிறது, பெயர் டி.ஆர்.கே.ஏ. காரணி ஏற்பியில் பொருந்தியதும் இரண்டும் ஒரு பைக்குள் சுருட்டப்பட்டு, நீண்ட இழை வழியாகச் செல்லின் உடல் வரை பயணிக்கின்றன. அங்கே போய்த் தற்கொலைத் திட்டத்தை நிறுத்தி வைக்கின்றன. ஆமாம், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சாவதற்கான இயந்திரம் தயாராகவே இருக்கிறது. 1972-ல் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்களே, அதுதான். "சாகாதே" என்ற செய்தி வந்துகொண்டே இருந்தால்தான் செல் பிழைக்கும்.

இதில் ஒரு விசித்திரம். என்.ஜி.எஃப். முதலில் ஒரு நீளமான முன்வடிவமாக உருவாகி, பிறகு வெட்டப்படுகிறது. அந்த வெட்டுப்படாத வடிவம் வேறொரு ஏற்பியில் பொருந்தி, செல்லைச் சாகச் சொல்லும் என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். ஒரே புரதம், வெட்டினால் உயிர், வெட்டாவிட்டால் சாவு.

மூளைக்குள் என்.ஜி.எஃப்-ஐ நம்பியிருக்கும் செல்கள் குறைவு. அதனால் வேறு காரணிகளைத் தேடினார்கள். 1982-ல் இவ் பார்டு, ஹான்ஸ் தோனன் குழு பன்றி மூளையிலிருந்து பி.டி.என்.எஃப். என்ற உறவுக்காரப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. இங்கே கதை கொஞ்சம் சிக்கல். பி.டி.என்.எஃப். மரபணுவே இல்லாத எலிகளில் புலன் நரம்பு செல்கள் நிறையச் சாகின்றன, ஆனால் பெருமூளை செல்கள் கூட்டமாகச் சாவதில்லை. மூளைக்குள் அதன் முக்கிய வேலை செல்களுக்கு இடையேயான இணைப்புகளை வளர்ப்பதும் பலப்படுத்துவதும். நாம் ஒன்றைப் படித்து நினைவில் வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

நோய்க்கு வருவோம்

மனிதர்களில் இதற்கு நேரடிச் சாட்சி ஓர் அபூர்வ நோய். இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலிருந்தே வலி தெரியாது, வியர்க்காது. வலி தெரியாதது வரமில்லை. நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், எலும்பு முறிந்தாலும் நடப்பார்கள், வியர்க்காததால் கடும் காய்ச்சல் வரும். 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள்: டி.ஆர்.கே.ஏ. ஏற்பியின் மரபணுவில் கோளாறு. வலி நரம்புகளும் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்புகளும் கருவிலேயே உணவின்றிச் செத்துவிட்டன. ரீத்தா கோழிக்கருவில் பார்த்த அதே சாவு.

ஹன்டிங்டன் நோயிலும் இதன் சாயல் உண்டு. மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதிக்குப் புறணியிலிருந்துதான் பி.டி.என்.எஃப். வர வேண்டும். நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் அந்த உற்பத்தியைக் குறைக்கிறது என்று 2001-ல் இத்தாலியக் குழு ஒன்று காட்டியது.

அப்படியானால் சாகிற செல்களுக்குக் காரணியை ஊட்டிவிட்டால் போதுமே? எல்லோருக்கும் இதுதான் தோன்றியது. அல்சைமரில் சாகும் ஒருவகை செல்கள் என்.ஜி.எஃப்-ஐ நம்பியிருப்பவை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் மூன்று நோயாளிகளின் மூளை அறைக்குள் குழாய் வழியாக அதைச் செலுத்தினார்கள். முதுகுவலியும் எடை குறைவும் வந்தன, நிறுத்திவிட்டார்கள். ஏ.எல்.எஸ். நோய்க்கு பி.டி.என்.எஃப்-ஐ ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள், பலனில்லை. என்.ஜி.எஃப். மரபணுவை மூளைக்குள் வைரஸ் மூலம் வைத்த சோதனையும், 49 அல்சைமர் நோயாளிகளிடம், 2018-ல் தோல்வி என்று வெளிவந்தது.

மிகவும் மனதைப் பிசைவது பார்க்கின்சன் கதை. 1993-ல் கண்டுபிடித்த ஜி.டி.என்.எஃப். என்ற காரணியை நேரடியாக மூளைக்குள் செலுத்திச் சோதித்தார்கள். 2004-ல் ஆம்ஜென் நிறுவனம் சோதனையை நிறுத்தியது. போலி மருந்தைவிட மேலில்லை, குரங்குகளில் மூளைச் சேதம் தெரிந்தது என்பது காரணம். ஆனால் சில நோயாளிகள் தங்களுக்கு நன்றாக இருந்தது, மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள் என்று கேட்டு 2005-ல் நீதிமன்றம் போனார்கள். தோற்றார்கள். பிறகு பிரிட்டனில் பிரிஸ்டலில் 41 பேரிடம் செய்த சோதனை முடிவு 2019-ல் வந்தது. மூளைப் படத்தில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் வைத்த இலக்கை எட்டவில்லை.

ஏன் இத்தனை தோல்வி? இந்தப் புரதங்கள் பெரியவை, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. நேரடியாக ஊற்றினாலும் வேண்டிய செல்லுக்கு மட்டும் போகாது. உடல் இவற்றைக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில், சொட்டுச் சொட்டாகத் தருகிறது. நாம் பைப்பைத் திறந்துவிடுகிறோம். என்.ஜி.எஃப். வலியையும் கூட்டும் என்பதால் அதைத் தடுக்கும் மருந்தை மூட்டுவலிக்குச் சோதித்தார்கள். வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டே சேதமானது. 2021-ல் அதுவும் கைவிடப்பட்டது.

ஒரு வெற்றி உண்டு. கருவிழியின் நரம்புகள் செத்துப் புண்ணாகும் ஒரு நோய்க்கு என்.ஜி.எஃப். சொட்டு மருந்து 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதற்கு வழிபோட்ட 1998 ஆய்வைச் செய்த குழுவில் ரீத்தாவின் நீண்டநாள் சகா ஒருவர் இருந்தார். கண்ணில் வேண்டிய இடத்திலேயே சொட்டுவிட முடியும். அதனால் பலித்தது.

விட்டுப்போன பெயர்

1986-ல் நோபல் பரிசு ரீத்தாவுக்கும் கோஹனுக்கும். மூன்று பேர் வரை பகிரலாம் என்று விதி இருந்தும் ஹாம்பர்கர் பெயர் இல்லை. அப்போது அவருக்கு 86 வயது. அறிவியல் உலகில் பெரிய சலசலப்பு. ரீத்தாவுக்கும் அவருக்கும் இடையே இருந்த நட்பும் கசந்தது. ஹாம்பர்கர் 2001-ல், 101-ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்பு இறந்தார். அதே வருடம் ரீத்தா இத்தாலியின் வாழ்நாள் செனட்டர் ஆனார். தன்னை வேலையை விட்டுத் துரத்திய நாட்டின் சட்டசபையில்! 2012-ல் 103 வயதில் மறைந்தார். கோஹன் 2020-ல்.

பரிசுக் குழுவின் பார்வையில், பொருளைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசு. அது சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் சோதனையைச் செய்தவர், தன்னை மறுத்தவரை வீட்டுக்கு அழைத்தவர், கோஹனை வேலைக்கு எடுத்தவர் மூன்றும் ஹாம்பர்கர்தான். அவர் கேட்ட கேள்வி இல்லாமல் ரீத்தாவின் கேள்வி வந்திருக்காது. ரீத்தா திருத்தாமல் இருந்திருந்தால் நாம் இன்னும் "ஏன் உருவாகவில்லை" என்றே தேடிக்கொண்டிருந்திருப்போம். அல்சைமர், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். எல்லாவற்றிலும் மருத்துவர்கள் இன்று கேட்பது அந்தப் படுக்கையறைக் கேள்வியைத்தான்: உயிரோடு இருந்த செல் ஏன் செத்தது, அதற்கு எது கிடைக்காமல் போனது? பாதி விடை தெரியும். மிச்சப் பாதி, அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது.

நண்பர்களே, மூன்றாவது பெயராக ஹாம்பர்கரைச் சேர்த்திருக்க வேண்டுமா, வேண்டாமா? எங்கள் விடுதியில் இதைப் பேசி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். நான் சேர்க்கச் சொல்லும் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.